அக்காவின் டபுளும் என் டபுளும்

உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும், முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கட்டுரையைச் சித்திதான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகன் சேவியர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அச்சகத்திலிருந்து இரண்டாம் முறை போன் வந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா போய் ஒரு வருஷம் ஆகியும் எனக்கு அசதி தீரவில்லை.

அடக்கத்தன்று எங்கள் திருநின்றவூர் வீட்டுக்கு வந்தவர்கள், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த உல்லன் போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். பதினான்கு பட்டை, பதினான்கு நிறம். "எத்தினி கலரு பாரேன். ஒரு வரி மாதிரி ஒரு வரி இல்ல. இந்த டிசைனெல்லாம் வேற யாருக்கு வரும்?" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெய்வம் மாதிரி பாத்துக்கினம்மா" என்றார். இரண்டுக்கும் தலையை ஆட்டினேன். இரண்டும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போனவர்கள். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு வரை படித்தார். கொக்கி ஊசியால் நூல் பின்னுவதை, நாம் குரோஷா என்று சொல்வதை, அவருக்கு அங்கேதான் கற்றுக் கொடுத்தார்கள். கற்றுக் கொடுத்த மதர் ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பாராம். தப்பாகப் போட்டால் திட்டமாட்டாராம், மொத்தத்தையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவாராம். அக்கா அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அதில் என்ன பெருமை என்று புரிந்ததே இல்லை.

படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். முதலில் பேக்கிங், பிறகு செக்கிங் மேசை. இருபத்திரண்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து, சரியில்லாததை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. என் சாம்பார், நான் கட்டிய புடவை, எனக்கு வந்த மாப்பிள்ளை வரன்கள், எல்லாம் அவரிடம் ஒருமுறை செக்கிங்கைத் தாண்ட வேண்டும். பாதி தாண்டாது.

மாமா, அக்காவின் கணவர், அத்திப்பட்டு மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். சேவியர் ஏழாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அக்கா கலங்கவே இல்லை என்று இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். நிறைய அழுதார். அழுதுகொண்டே டிபன் பாக்ஸ் கட்டினார், அழுதுகொண்டே கம்பெனி வேன் ஏறினார். அந்த அழுகையோடுதான் சேவியர் டிப்ளமா முடித்து ஓசூரில் வேலைக்குப் போனான்.

சர்க்கரை நோய் அவருக்குப் பல வருஷமாக இருந்தது. கடைசியில் சிறுநீரகத்தில் கை வைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னார். சேவியருக்கு ஷிப்ட் வேலை. அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். திருநின்றவூரிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயிலில் அதிக தூரம் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, அக்காவுக்குக் கால் வீக்கம் பார்த்து, எடை பார்த்து, ஸ்டேஷன் படிக்கட்டில் கை கொடுத்து ஏற்றி, அங்கே நாலு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி அழைத்து வந்து படுக்க வைப்பேன். எழுதும்போது ஒரு வரிதான். செய்யும்போது அது முழு நாள். மறுநாள் முழுக்க அந்த நாளின் அலுப்பு, அதற்கடுத்த நாள் வரப்போகிற நாளின் அலுப்பு.

அந்த அறையில் ஏ.சி. ஓடும். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது உடம்பு நடுங்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இரண்டு பெட்ஷீட் போர்த்தியும் போதவில்லை. "நானே ஒண்ணு போட்டுக்கறேன். உல்லன் வாங்கினு வா" என்றார். திருவள்ளூர் கடைவீதியில் கேட்டேன். நம் ஊர் வெயிலுக்கு உல்லன் நூலை யார் அடுக்கி வைத்திருக்கப் போகிறார்கள்? ஒரு நிறத்தில் இரண்டு உருண்டைக்கு மேல் இல்லை. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு, பள்ளிக்கூட யூனிபாரம் நீலம் என்று கிடைத்ததையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் போர்வை அத்தனை கலரில் இருப்பதற்குக் காரணம் கலை ரசனை அல்ல.

நீள நீளமான பட்டைகளாகத் தனித்தனியே போட்டு, கடைசியில் ஒன்றாக இணைப்பது என்று திட்டம். பட்டைக்கு நூற்றைம்பது கண்ணி, எட்டு வரி. அக்கா வீட்டில் போடுவார். ஆனால் டயாலிசிஸ் நாளில் ஊசி குத்துவது இடது கையில். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. குரோஷா போட வலது கை ஊசியைப் பிடித்தால், இடது கைதான் நூலைப் பிடிக்க வேண்டும். சும்மா கிடப்பது அக்காவுக்குப் பொறுக்காது. "நீ போடு, நான் சொல்றேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் போனில் வீடியோ பார்த்து அடிப்படையைக் கற்றுக்கொண்டேன். செயின், சிங்கிள், டபுள் என்று பின்னலில் பல வகை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், "ஒரு செயின் போட்டு மேல ஏறு. இனிமே கடைசி வரிக்கும் டபுள்." நானும் டபுள் போடுவேன். கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவார். என் பட்டை என் பையிலேயே இருக்கும். மறுநாள் அவர் எழுந்து தன் பட்டையைப் போடுவார். இப்படி மூன்று வாரத்தில் நான் இரண்டு பட்டை முடித்தேன். விரல் மரத்துப் போனது என்றாலும், வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவுக்குக் காட்டும்படி ஒன்று செய்திருக்கிறேன் என்று ஒரு சந்தோஷம்.

ஒரு வியாழக்கிழமை மாலை எல்லாப் பட்டைகளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அக்காவின் பட்டை மூன்று விரல் அகலம். அதே நூற்றைம்பது கண்ணி, அதே எட்டு வரி, என்னுடையது ஆறு விரலுக்கும் மேல்.

"இன்னாடி இது?"

"டபுள்தான்க்கா."

"இதுவா டபுளு? இது டிரிபிள். டபுளு குட்டையா, நெருக்கமா இருக்கும்."

"போன்ல டபுள்னு இத்தத்தான் காட்றாங்க. நீ போடறதுக்குப் பேரு சிங்கிள்."

"எங்க மதருக்குத் தெரியாததா உன் போனுக்குத் தெரியப் போவுது?" என்றார். பிறகு என் பட்டையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணிக்குக் கண்ணி வெளிச்சம் தெரிந்தது. "குளிருக்குத்தானே போர்வ? இந்த ஓட்டையில காத்து நொழையாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் நூல் முனையைத் தேடி எடுத்து, என் கண்ணெதிரே இழுக்கத் தொடங்கினார். சர் சர் என்று மூன்று வாரம் பிரிந்து மடியில் விழுந்தது. ஒரு பட்டை முடிந்ததும் அடுத்த பட்டையை எடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கிற முகம்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது. "இதோட சேத்து என்னையும் பிரிச்சிப் போட்டுடு. உம்பக்கத்துல உக்காந்து உக்காந்தே என் காலம் போவுது. என்னால ஆவல. நாளைக்கு நீயே போய்க்கோ" என்றேன். நோயாளியிடம், பெற்ற தாய்க்குச் சமமான அக்காவிடம் சொன்னேன். அவர் நூலை உருண்டையாகச் சுற்றி முடித்துவிட்டு, "சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் தனியாகவே போனார். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடியிருக்கலாம், படிக்கட்டிலேயே பிடித்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. என் கணவர் வேலைக்குப் போன பிறகு மறுபடி படுத்தேன். அந்த வருஷத்தில் நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் உண்மை.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்திருக்க வேண்டியவர் நாலரைக்கு வந்தார். திருவள்ளூர் பிளாட்பாரத்தில் பிரஷர் இறங்கி மயக்கமாகி உட்கார்ந்துவிட்டாராம். முன்பின் தெரியாத ஒரு அம்மா சோடா வாங்கிக் கொடுத்து, ரயிலில் கூடவே வந்து, வீடு விசாரித்துக் கொண்டுவந்து விட்டார். "வயசான காலத்துல தனியா அனுப்பறீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேர் கூடக் கேட்கத் தோன்றவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தண்ணி கொஞ்சம் குடு" என்றார். தண்ணீர் கொடுத்தேன். பேச்சு அதோடு போய்விட்டது.

அடுத்த செவ்வாய் நானே அழைத்துப் போனேன். திரும்பி வந்ததும் அக்கா, "டாக்டர் சொல்லிட்டாரு. ஒடம்பு தேறினு வருது, இனிமே செவ்வாக்கெழம மட்டும் வந்தா போதுமாம்" என்றார். டாக்டர் வரும்போது நான் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த நோயில் தேறுவது என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நான் எதையும் கேட்கவில்லை. உங்களில் பலருக்குப் போன் செய்து, "அக்காவுக்குப் பரவால்ல, வாரத்துக்கு ஒரு நாள்தான்" என்று சொன்னது நினைவிருக்கும். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு நம்பினேன்.

ஏழு வாரம் அப்படிப் போனது. வெள்ளிக்கிழமைகளில் அக்கா இரண்டு கையாலும் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எட்டாவது செவ்வாய், எடை பார்த்த நர்ஸ் என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை பண்ற எடத்துல தண்ணி சரியா எடுக்கறாங்களாம்மா? எடை இவ்ளோ ஏறியிருக்கே" என்று கேட்டார்.

"எந்த எடம்?" என்றேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொரு இடத்தில் வெள்ளிக்கிழமை செய்துகொள்வதாக அக்கா அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நர்ஸ் சொல்லச் சொல்ல நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடந்தார்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். பெட்டியில் கூட்டம் இல்லை. "அவங்களுக்கு ஒரு பொய், எனக்கு ஒரு பொய். ஏன்க்கா?"

"பொய் சொன்னதால வேல முடிஞ்சிதில்ல" என்றார்.

"எனக்காகவா நிறுத்தினே?"

"உனக்காகன்னு சொன்னா நீ அழுவே. எனக்காகன்னு சொன்னா திட்டுவே. இன்னா சொல்லட்டும்?"

புட்லூர் ஸ்டேஷன் போனது. அவரே பேசினார். "எனக்கும் பேஜாராயிடுச்சிடி. வாரத்துல ஒரு நாளாவது ஊசி இல்லாம, ரெண்டு கையும் எங்கிட்டயே இருக்கணும்னு இருந்துச்சி. அதான். அன்னிக்கு அந்தம்மா ஊட்டுக் கதவ தட்னாங்க, தட்னாங்க, நீ எழுந்துக்கவே இல்ல. ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தோம். எத்தினி நாள் தூக்கமோ பாவம்னு நெனச்சேன்."

இரண்டு காரணத்தில் எது காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதி அது, பாதி இது என்று என் கணவர் சொல்கிறார். சேவியரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனுக்கும் தெரியும். சித்தி மேல் கோபப்பட அவனுக்கு உரிமை உண்டு. அன்று ரயிலில் நான் அக்காவுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கினோம், கை பிடித்துப் படி இறக்குவதில் கவனம் போய்விட்டது.

அந்த வெள்ளியிலிருந்து மறுபடி இரண்டு நாளும் போனோம். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அந்த நாட்களில்தான் ஒருநாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து போனைத் துழாவி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். குரோஷாவில் இங்கிலாந்துப் பெயர் வேறாம், அமெரிக்கப் பெயர் வேறாம். இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்று சொல்கிற குட்டைப் பின்னலுக்கு அமெரிக்காவில் சிங்கிள் என்று பேர். அமெரிக்க டபுள், அங்கே டிரிபிள். ஒரே வார்த்தை, இரண்டு பின்னல்.

"அக்கா, ரெண்டு பேரும் சரிதான். உங்க மதரு சொல்லிக் குடுத்தது இங்கிலாந்து டபுள். எம்போன்ல வந்தது அமெரிக்கா டபுள்."

"நாம ரெண்டு பேரும் ஊத்துக்கோட்ட. அவனுங்க சண்டைய நாம இன்னாத்துக்குப் போட்டோம்?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். சிரித்ததில் மிஷின் சத்தம் போட்டு, நர்ஸ் ஓடி வந்து திட்டினார்.

அதன் பிறகு அக்கா கணக்கை மாற்றினார். "உன்னுது ஒரு வரி, என்னுது ரெண்டு வரி. கலந்தே போடலாம். ஓட்டயும் அடையும், சீக்கிரமும் ஆவும்" என்றார். என் கை தளர்ச்சி, அதனால் பட்டை ஓரத்தில் நெளியும். அதற்காக என் வரியில் மட்டும் பத்துக் கண்ணி குறைக்கச் சொன்னார். ஓரம் முழுக்கச் சிப்பி மாதிரி ஒரு பின்னலை அவரே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் என் வரி, வீட்டில் அவர் வரி. அடக்கத்தன்று நீங்கள் வியந்த டிசைன் இதுதான். அக்கா யோசித்து வரைந்த டிசைன் அல்ல. ஒரு வார்த்தையை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டு, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, வேறு வழியில்லாமல் கண்டுபிடித்தது.

மழைக்காலம் தொடங்கும்போது போர்வை முடிந்தது. நாலு மாதம் போர்த்திக்கொண்டார். கனமாக இருக்கிறது, கழுத்தில் அரிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டேதான் போர்த்தினார். நடுக்கம் மட்டும் நின்றது. ஒரு திங்கட்கிழமை காலை நாஷ்டா முடித்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய பையை எடுத்து வை என்றார். எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அக்காவோடு சேர்த்துப் போர்வையையும் பெட்டியில் வைத்துவிடலாம் என்று சேவியர் கேட்டான். வேண்டாம் என்றேன். குளிருக்குப் போட்டது குளிர் ஊரிலேயே இருக்கட்டும் என்று அவனையே ஓசூருக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மார்கழியில் அவன் பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுகிறார்களாம்.

நன்றி சொல்ல வேண்டும். திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த கும்மிடிப்பூண்டி தோழியருக்கும், எடை ஏறியதைக் கவனித்துக் கேட்ட நர்ஸுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத என் கணவருக்கும் நன்றி. திருவள்ளூர் பிளாட்பாரத்தில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்த அந்த அம்மாவுக்கு இந்த மலரை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. அன்று நான் செய்ய வேண்டியதை அவர் செய்தார்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெய்வம் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள். களைத்துப்போன ஒரு தங்கை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அக்கா, அன்று ரயிலில் சொல்லாததை எல்லோருக்கும் முன்னால் இப்போது சொல்கிறேன். இன்னும் பத்து வருஷம் நீ இருந்திருந்தால், பத்து வருஷமும் செவ்வாயும் வெள்ளியும் நான் சலித்துக்கொண்டேதான் வந்திருப்பேன். ஆனால் வந்திருப்பேன்.